ஈகையும் உரிமையும்: டென்மார்க்கின் காசநோய்த் தடுப்பு வரலாறு

கோபன்ஹேகன் நகருக்குள் 1853ஆம் ஆண்டுக் கோடையில் காலரா புகுந்தது. ஜூன் முதல் அக்டோபர் வரை ஏழாயிரம் பேர் அளவில் நோயில் விழுந்தனர். 4,700 பேருக்கு மேல் இறந்தனர். நகரத்தின் மக்கள்தொகை அப்போது ஒன்றரை லட்சத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. பழைய கோட்டை மதிலுக்கும் அகழிக்கும் உள்ளேயே நகரம் அடைபட்டுக் கிடந்தது. மதிலுக்கு வெளியே நிலையான கட்டடம் எழுப்பப் படைத்துறையின் கட்டுப்பாடு நெடுங்காலம் தடையாக இருந்ததால், பெருகிய மக்கள் எல்லாரும் உள்ளுக்குள்ளேயே அடுக்கப்பட்டார்கள். பின்கட்டுகளிலும் நிலவறைகளிலும் ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்ற நிலை. குடிதண்ணீர் மரக்குழாய்களில் வந்தது. கழிவுக்கு ஒழுங்கான வழி கிடையாது.

நோய் எதனால் பரவுகிறது என்பதில் அன்றைய மருத்துவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கெட்ட காற்று என்றார்கள் சிலர், தொற்று என்றார்கள் வேறு சிலர். எந்தத் தெருவில் சாவு மிகுதி என்பதில் மட்டும் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. சுகாதாரம் பற்றித் தொடர்ந்து எழுதிவந்த எமில் ஹோர்னமன் போன்றவர்கள் முன்னிற்க, கோபன்ஹேகன் மருத்துவர் சங்கம் ஏழைக் குடும்பங்களை மதிலுக்கு வெளியே குடியேற்றும் வேலையில் இறங்கியது. கொள்ளைநோய் நடக்கும்போதே கூடாரங்கள் போடப்பட்டன. அது தணிந்த பிறகு, நன்கொடை திரட்டி, கிழக்குப் புறம்போக்கு மேய்ச்சல் நிலத்தில் தொழிலாளர்களுக்கென்று வரிசை வீடுகள் எழுந்தன. கட்டடக் கலைஞர் பின்டெஸ்பெல் வரைந்த திட்டம் எளியது: இரண்டே மாடி, நீண்ட வரிசைகள், வரிசைக்கு வரிசை விரிந்த இடைவெளி, ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சமும் காற்றும். பொதுக் குளியலறையும் குழந்தைகள் காப்பகமும் பின்னர் சேர்ந்தன. ‘மருத்துவர் சங்க வீடுகள்’ என்று பெயர் பெற்ற அந்தக் குடியிருப்பு இன்று புரும்லெபி என்ற பெயரில் அதே இடத்தில் நிற்கிறது. மக்கள் அதில் வாழ்கிறார்கள்.

டென்மார்க்கில் ஏழைகளுக்கு இலவச மருத்துவம் 1853இல் தோன்றியதல்ல. ஐந்தாம் பிரெடெரிக் மன்னர் பெயரால் 1757இல் திறக்கப்பட்ட பிரெடெரிக் மருத்துவமனை வறியவர்களுக்குக் காசு வாங்காமல் சிகிச்சை தந்தது. ஆனால் நூறு ஆண்டுக்காலம் நோயாளியைப் படுக்கவைத்துப் பார்த்த அந்த அறம், நோய் வரும் வழியை அடைக்க எதுவும் செய்யவில்லை. செய்யவேண்டும் என்று யாரும் அதனிடம் எதிர்பார்க்கவும் இல்லை. நோயாளி கைக்கு வரும்வரை காத்திருக்காமல், நோய் வராமலிருக்க வீடு கட்டிக் கொடுத்ததுதான் மருத்துவர் சங்கம் செய்த புதுமை. நகராட்சி அதைப் பின்தொடர்ந்தது. 1859இல் புதிய நீர்வழங்கு நிலையம் வந்தது, கழிவுநீர்க் கால்வாய் வந்தது, 1863இல் நகராட்சி மருத்துவமனை திறந்தது. மதிலும் நாளடைவில் இடிக்கப்பட்டது. அந்த அளவில் ஒரு காலராக் கொள்ளை கோபன்ஹேகனுக்குத் திரும்பி வரவில்லை.

காலரா வந்து போகும் நோய். காசநோய் வீட்டோடு தங்கிவிடும் நோய். தமிழில் எலும்புருக்கி என்றும் க்ஷயம் என்றும் அறியப்பட்ட அது, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உழைக்கும் வயதினரை மற்றெந்த நோயையும்விட அதிகமாகக் கொண்டுபோனது. 1882இல் ராபர்ட் கோக் பெர்லினில் அதன் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தபோது காரணம் தெரிந்தது. மருந்துக்கு மேலும் அறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் தெரிந்து மருந்து தெரியாத இந்த இடைப்பட்ட காலத்தில்தான் டென்மார்க் காசநோயைப் பெரும்பாலும் அடக்கிக் காட்டியது. தடுப்பு மருத்துவத்தைப் பற்றிச் சிந்திக்கும் எவருக்கும் இந்த அறுபது ஆண்டுகள் மிகவும் மதிப்பு வாய்ந்தவை.

ஏழை ஒருவர் அந்நாட்டில் உதவி பெறுவதற்கு ஒரு விலை இருந்தது. 1849ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, ஏழை நிவாரணம் வாங்கி அதைத் திருப்பிச் செலுத்தாதவருக்கு வாக்குரிமை கிடையாது. நோயில் விழுந்த தச்சரோ நெசவாளரோ ஊராட்சியிடம் கையேந்தினால், அவர் குடிமகன் என்ற நிலையிலிருந்தே இறங்கவேண்டும். பலர் மருத்துவரை அழைக்காமல் இறுதிவரை இழுத்தடித்ததற்கு வறுமையைப் போலவே இந்த அவமானமும் காரணம். இதற்கு மக்களே கண்ட மாற்று, நோய்க்கால நிதிச் சங்கங்கள். தொழிலாளர்களும் சிறு கைவினைஞர்களும் மாதந்தோறும் சிறு தொகை கட்டி, நோய் வந்தால் மருத்துவரும் மருத்துவமனையும் ஓரளவு கூலி இழப்பீடும் பெற்றார்கள். 1892ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சங்கங்களுக்கு அரசு ஏற்பு வழங்கி மானியமும் கொடுத்தது. சங்கத்திலிருந்து பெறுவது பிச்சை ஆகாது, கட்டிய பணத்துக்கு உரிய உரிமை. இந்தச் சங்கங்களே நாட்டின் மருத்துவக் காப்புக்கு அடித்தளமாக வளர்ந்து, 1973இல் பொது மருத்துவக் காப்பு முழுவதும் வரிப்பணத்துக்கு மாறும்வரை நீடித்தன.

காசநோய்க்கான தனி முயற்சிகள் நூற்றாண்டின் முடிவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஃபரோ தீவுகளில் பிறந்த நீல்ஸ் ஃபின்சன், தோலை அரிக்கும் காசநோய்க்குச் செறிந்த ஒளியால் சிகிச்சை செய்யும் நிலையத்தை 1896இல் கோபன்ஹேகனில் தொடங்கினார். முகம் சிதைந்து வெளியே தலைகாட்ட முடியாமல் இருந்த ஏழைகளுக்கு அது மறுவாழ்வு. 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, அடுத்த ஆண்டே அவர் இறந்தார். 1900இல் வைலெஃபியோர்ட் என்ற இடத்தில் பெரிய சானடோரியம் ஒன்று திறந்தது. 1901இல் காசநோய் எதிர்ப்புத் தேசியச் சங்கம் அமைந்து, வசதியற்றவர்களுக்கும் சானடோரியம் கட்டும் வேலையைத் தொடங்கியது. நல்ல காற்று, ஓய்வு, வயிறார உணவு ஆகியவற்றைத் தவிர அங்கே கொடுக்க வேறு எதுவும் இருக்கவில்லை. ஆனால் இருமும் நோயாளி ஓரறை வீட்டிலிருந்து அகன்றாலே குழந்தைகளுக்குத் தொற்று குறையும் என்பதைத் தேசியச் சங்கத்தார் உணர்ந்திருந்தார்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு ஒரு தபால் ஊழியர் விடை சொன்னார். ஐனார் ஹோல்பெல் கோபன்ஹேகன் அஞ்சலகத்தில் வேலைபார்த்தவர். கிறிஸ்துமஸ் வந்தால் வாழ்த்து அட்டைகள் மூட்டை மூட்டையாக அவர் கையைக் கடந்து போகும். ஒவ்வொரு வாழ்த்திலும் தபால்தலைக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு வில்லையை ஒட்டச்செய்து, அதன் விலையைக் காசநோய்ப் பணிக்குத் திருப்பலாம் என்று அவருக்குத் தோன்றியது. அஞ்சல் துறை இசைந்தது. ஒன்பதாம் கிறிஸ்டியன் மன்னர் ஒப்புதல் தந்தார். மறைந்த அரசி லூயிசின் உருவம் தாங்கிய முதல் வில்லை 1904 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. விலை இரண்டு ஓரே, அதாவது ஒரு குரோனரில் ஐம்பதில் ஒரு பங்கு. மக்கள்தொகை சுமார் 25 லட்சமே இருந்த நாட்டில் முதல் ஆண்டிலேயே 40 லட்சம் வில்லைகளுக்கு மேல் விற்றன.

இந்த எண்ணிக்கை சொல்லும் செய்தி பெரியது. கொடையாளர் சிலரின் பெருந்தொகையை நம்பியிருந்த மருத்துவ அறம், தையற்காரியும் பள்ளிப்பிள்ளையும் பங்கெடுக்கும் பொதுக் காரியமாக ஒரே மாதத்தில் மாறியது. வில்லை ஒட்டியவர் வீட்டிலேயே ஒருவர் இருமிக்கொண்டிருந்திருக்கலாம். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே தூரம் இருக்கவில்லை. சேர்ந்த பணத்தில் கோல்டிங் நகருக்கருகே கடற்கழியோரம் சானடோரியம் ஒன்று எழுந்து 1911இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு யூல்ஸ்மின்ட என்ற ஊரில், நோய்வாய்ப்படக்கூடிய மெலிந்த குழந்தைகளுக்கான முதல் கிறிஸ்துமஸ் வில்லை இல்லம் தொடங்கியது. குழந்தைகளைச் சில மாதம் தங்கவைத்து உணவும் ஓய்வும் கொடுத்து அனுப்புவது அதன் வேலை. அவ்வகை இல்லங்கள் இன்றும் நடக்கின்றன; காசநோய் போய்விட்டதால், தனிமையிலும் சக மாணவர்களின் கொடுமையிலும் வாடும் பிள்ளைகளை இப்போது அவை ஏற்கின்றன.

ஹோல்பெலின் யோசனை கடல் கடந்தது. டென்மார்க்கின் ரீபெ நகரில் பிறந்து நியூயார்க்கில் புகழ்பெற்ற பத்திரிகையாளரான ஜேக்கப் ரீஸ் 1907இல் அதைப் பற்றி எழுதினார். அதைப் படித்த எமிலி பிஸ்ஸல், டெலவேர் மாநிலத்தில் மூடப்படவிருந்த ஒரு சிறு சானடோரியத்துக்காக அதே ஆண்டு அமெரிக்காவின் முதல் வில்லையை வெளியிட்டார். இந்தியாவில் 1939இல் அமைந்த காசநோய்ச் சங்கம் 1950 முதல் காந்தி ஜயந்தியையொட்டி வில்லை விற்பனையைத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் தாளாகக் கொண்டுவந்து விற்ற ‘டி.பி. ஸ்டாம்ப்’ தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு நினைவிருக்கும். அதன் மூல ஊர் கோபன்ஹேகன்.

அரசும் ஒதுங்கி நிற்கவில்லை. வில்லை வந்த மறு ஆண்டே, 1905இல், டென்மார்க் நாடாளுமன்றம் காசநோய்ச் சட்டங்களை இயற்றியது. நோயை மருத்துவர் அறிவிக்கவேண்டும் என்ற கட்டாயமும், வசதியற்றவரின் சிகிச்சைச் செலவில் அரசின் பங்கும் சட்டமாயின. தனியார் அறம் ஒரு வழியைத் திறந்து காட்டுவதும், அரசு சில ஆண்டுகளில் அதைச் சட்டமாக்கிக்கொள்வதும் டேனிஷ் வரலாற்றில் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. 1933இல் சமூக அமைச்சர் ஸ்டைன்கெ கொண்டுவந்த சமூகச் சீர்திருத்தச் சட்டங்கள், உதவி என்பது அதிகாரியின் மனத்தைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது, சட்டப்படி உரியதாக இருக்கவேண்டும் என்ற கொள்கையை நாடு முழுவதும் நிலைநிறுத்தின.

சானடோரியமும் வில்லையும் கண்ணுக்குத் தெரிந்த பணிகள். அவற்றுக்குச் சமமான பங்கு, மருத்துவரே இல்லாத ஓரிடத்தில் நடந்தது: மாட்டுக்கொட்டகையில். டென்மார்க் 1882 முதல் கூட்டுறவுப் பால் சங்கங்களின் நாடாயிற்று. ஊரார் எல்லாருடைய பாலும் ஒரே தொட்டியில் கலந்து, வெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சிய பால் கன்றுகளுக்கென்று பண்ணைகளுக்குத் திரும்பியது. ஒரு பசுவுக்குக் காசநோய் இருந்தால் ஊரிலுள்ள கன்றுகள் அத்தனைக்கும் அது போய்ச்சேரும். மாட்டுக் காசநோய் பச்சைப்பால் வழியே குழந்தைகளின் கழுத்துக் கழலைகளையும் எலும்பையும் குடலையும் பிடிக்கும். கால்நடை மருத்துவர் பெர்ன்ஹார்ட் பாங் 1890களில் ஒரு முறையை வகுத்தார். டியூபர்குலின் சோதனையால் நோயுள்ள மாடுகளைப் பிரித்தறிவது, கன்று பிறந்தவுடன் அதைத் தாயிடமிருந்து அகற்றிச் சூடாக்கிய பால் கொடுப்பது, நல்ல மந்தையைத் தனியே வளர்ப்பது. எல்லா மாடுகளையும் வெட்டித்தள்ளாமல் சிறு விவசாயியின் முதலையும் காத்த முறை இது. பண்ணைக்குத் திரும்பும் பாலை உயர் வெப்பத்துக்குச் சூடாக்கவேண்டும் என்று 1898இல் சட்டம் வந்தது. அரை நூற்றாண்டு விடாமல் நடந்த வேலையால் 1950களின் தொடக்கத்தில் டேனிஷ் மந்தைகளிலிருந்து மாட்டுக் காசநோய் ஒழிந்தது. இங்கிலாந்துக்கு வெண்ணெய் விற்கும் அக்கறையும் இதில் சேர்ந்திருந்தது. அதனால் குழந்தைகளுக்குக் கிடைத்த நன்மை குறைந்துவிடவில்லை. பாலைக் காய்ச்சாமல் குடிக்காத தமிழ்நாட்டு வழக்கம் இதே பாதுகாப்பைச் சட்டமில்லாமலே வீடுகளுக்குத் தந்துவந்திருக்கிறது.

உணவுக்கும் காசநோய்க்கும் உள்ள உறவை டென்மார்க் யாரும் திட்டமிடாத ஒரு சோதனையில் கண்டது. முதல் உலகப் போரில் அந்நாடு நடுநிலை வகித்தது. போரிடும் இரு தரப்பும் நல்ல விலை கொடுத்ததால் இறைச்சியும் வெண்ணெயும் பெருமளவில் ஏற்றுமதியாயின. உள்நாட்டில் விலை ஏறி, உழைக்கும் குடும்பங்களின் தட்டிலிருந்து அவை மறைந்தன. குண்டு ஒன்றுகூட விழாத அந்த நாட்டில் காசநோய்ச் சாவு, போரிடும் நாடுகளில் போலவே ஏறத்தொடங்கியது. 1917இல் ஜெர்மனியின் நீர்மூழ்கிப் போரும் கடல் முற்றுகையும் ஏற்றுமதியை முடக்கின. விற்க வழியில்லாத உணவு ஊருக்குள்ளேயே தங்கியது. உணவியல் ஆய்வாளர் மிக்கெல் ஹின்ஹெடெயின் ஆலோசனைப்படி அரசு பங்கீட்டை ஒழுங்குபடுத்தியது. காசநோய்ச் சாவு 1918இல் இறங்கியது. போரிட்ட நாடுகளிலோ அந்த ஆண்டு அது உச்சத்தில் இருந்தது.

மருத்துவப் பேராசிரியர் குனூட் ஃபாபர் பின்னர் இந்த ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்து உணவையே காரணமாகக் காட்டினார். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வீடுகள் மாறவில்லை. புதிய மருந்தும் வரவில்லை. ஒரு நாட்டின் ஒரு காலத்து நிகழ்ச்சியை வைத்து முடிவான சான்று என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் நோய்த்தடுப்பு வரலாற்றில் இவ்வளவு தெளிவாகப் பேசும் நிகழ்ச்சிகள் குறைவு. காசநோய்க் கிருமி உடலில் புகுந்தவர்களில் பத்தில் ஒருவர் அளவில்தான் வாழ்நாளில் நோயாளி ஆகிறார்கள். மற்றவர்களின் உடல் கிருமியை அடக்கி வைத்துவிடுகிறது. ஊட்டம் குறைந்த உடல் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. ஏழைகளின் நோய் என்று அதற்குப் பெயர் வந்ததற்கு உடலியல் காரணம் இது.

நெருக்கமற்ற வீடு, சுத்தமான பால், போதிய உணவு, நோயாளிக்குத் தனி இடம், மாவட்டந்தோறும் காசநோய் ஆய்வு நிலையங்கள் எல்லாம் சேர்ந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவிலேயே காசநோய்ச் சாவு மிகக் குறைந்த நாடு என்ற நிலைக்கு டென்மார்க்கைக் கொண்டுவந்திருந்தன. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து அதன் பிறகுதான் வந்தது. பி.சி.ஜி. தடுப்பூசியும் இந்தப் பட்டியலின் கடைசியில் சேர்ந்ததே. பிரான்சில் கால்மெத், கெரென் இருவரும் உருவாக்கி 1921இல் முதன்முதல் மனிதருக்குக் கொடுத்த அந்தத் தடுப்பூசி, 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் நச்சுக் கிருமி கலந்துபோய் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததால் பல நாடுகளில் நம்பிக்கை இழந்தது. ஸ்கான்டினேவிய நாடுகள் அதைக் கைவிடவில்லை. கோபன்ஹேகனில் 1902இல் நிறுவப்பட்ட அரசு சீரம் நிலையம் அதைக் கவனமாகத் தயாரித்து, உலகத் தரத்துக்கே அளவுகோலானது.

போர் முடிந்ததும் அந்தத் தடுப்பூசி டேனிஷ் அறத்தின் கைப்பொருளாயிற்று. சிதைந்து கிடந்த போலந்து முதலான நாடுகளில் டேனிஷ் செஞ்சிலுவைச் சங்கம் குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கியது. ஸ்வீடன், நார்வே அமைப்புகள் சேர, ஐ.நா. குழந்தைகள் நிதியம் துணைவர, 1948இல் அது சர்வதேசக் காசநோய் இயக்கமாக விரிந்தது. அதை வழிநடத்தியவர் சீரம் நிலையத்தின் யொஹன்னஸ் ஹோல்ம். 1951 வரை இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 3 கோடிப் பேருக்கு டியூபர்குலின் சோதனை நடந்தது, 1.4 கோடிப் பேர் அளவில் ஊசி போட்டுக்கொண்டனர். ஒரு சிறு நாடு தன் வீட்டில் பெற்ற வெற்றியை உலகத்தோடு பங்கிட்டுக்கொள்ள எடுத்த முயற்சியாக இது மதிக்கத்தக்கது. ஆனால் வெற்றியின் பல பகுதிகளில் பெட்டியில் வைத்துப் பனிக்கட்டியிட்டு விமானத்தில் ஏற்றக்கூடியது தடுப்பூசி ஒன்றுதான். புரும்லெபி வீடுகளையும் கூட்டுறவுப் பாலையும் நோய்க்கால நிதிச் சங்கத்தையும் அப்படி ஏற்ற முடியவில்லை.

இந்தியாவில் அந்த இயக்கத்தின் தொடக்கமே சென்னை மாகாணத்தில்தான். 1948இல் கிண்டி கிங் நிலையத்தில் பி.சி.ஜி. தயாரிப்புக் கூடம் அமைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மதனப்பள்ளியில் முதற்கட்டமாக ஊசி போடப்பட்டது. பின்னர் கிண்டியில் நெடுங்காலம் தயாரான தடுப்பூசிக்கு மூலம் ‘டேனிஷ் 1331’ என்ற வகை. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோரின் இடது தோளில் இருக்கும் சிறு தழும்புக்கும் கோபன்ஹேகனுக்கும் உள்ள தொடர்பு அது.

மதனப்பள்ளி தற்செயலாகத் தேர்ந்த இடமல்ல. இன்றைய ஆந்திரத்தில், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த அந்த ஊரருகே, பல மிஷன்கள் கூடி நிறுவிய ஆரோக்கியவரம் சானடோரியத்துக்கு டேனிஷ் மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மெல்லர் 1910களிலிருந்து தலைமை தாங்கினார். தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சவுரிமுத்து சானடோரியம் தொடங்கி, அந்தப் பெயர் ரயில் நிலையத்துக்கே நிலைப்பதற்கு முன்பே, தென்னிந்தியக் காசநோயாளிகள் போய்ச்சேர்ந்த இடம் ஆரோக்கியவரம். கிறிஸ்டியனுக்குப் பின் மகன் யொஹன்னஸ் ஃப்ரிமோட்-மெல்லர் சுற்றியுள்ள கிராமங்களில் வீடுவீடாக நோயைக் கணக்கெடுத்து, பி.சி.ஜி. எந்த அளவுக்குக் காக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். காசநோயல்லாத வேறு மண்வாழ் கிருமிகளின் தொடர்பு தென்னிந்தியர்களிடம் பரவலாக இருப்பதையும், அது தடுப்பூசியின் பயனைப் பாதிக்கக்கூடும் என்பதையும் அந்தக் கிராமங்களின் ஆய்வு முன்கூட்டியே உணர்த்தியது.

பி.சி.ஜி.க்கு எதிர்ப்பும் சென்னையிலிருந்தே வந்தது. சுகாதாரப் பொறியாளர் ஏ. வி. ராமன் தொடக்கத்திலேயே எதிர்த்து எழுதினார். முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்த ராஜாஜி 1955இல் பி.சி.ஜி.யைத் தாம் எதிர்ப்பது ஏன் என்று ஒரு சிறு நூலே வெளியிட்டார். மத்திய சுகாதார அமைச்சர் அம்ரித் கௌர் இயக்கத்தைத் தாங்கிப் பேசினார். உயிருள்ள கிருமியை நலமான குழந்தையின் உடலில் செலுத்துவது பற்றி எதிர்ப்பாளர்கள் எழுப்பிய அச்சங்களில் பல பிழையானவை. அறிவியல் அவற்றை ஏற்கவில்லை. ஆனால் வீடும் உணவும் சாக்கடையும் அப்படியே இருக்க ஊசி மட்டும் எதைச் சாதிக்கும் என்ற கேள்வி பிழையானதல்ல. டென்மார்க்கின் சொந்த வரலாறு அந்தக் கேள்வியின் பக்கம்தான் நின்றது.

இதற்கிடையே 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை கூட்டாக நடத்திய அந்த மையம், நகரத்து ஏழைகளில் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவு சானடோரியத்தில், மற்றது வீட்டில். இரு பிரிவுக்கும் ஓராண்டு ஐசோனியாசிட், பாஸ் ஆகிய அதே மருந்துகள். பாஸ் மருந்தைக் கண்டறிந்த யெர்கன் லேமன் கோபன்ஹேகனில் பிறந்து ஸ்வீடனில் பணியாற்றியவர். 1959இல் வெளியான முடிவு உலகச் சானடோரியங்களை மூடத் தொடங்கிவைத்தது. குடிசையில் நெருக்கடியில் குறைந்த உணவோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். அவர்கள் குடும்பத்தாருக்குத் தொற்றும் கூடவில்லை. ஏழை நாடுகளில் கோடிக்கணக்கானோருக்குச் சிகிச்சை எட்டச்செய்த கண்டுபிடிப்பு இது. அதன் நிழலில் ஒரு தவறான முடிவும் வளர்ந்தது. மருந்து இருந்தால் குணமாக உணவு அவ்வளவு முக்கியமில்லை என்று காட்டிய ஆய்வை, நோய் வராமல் தடுக்கவும் உணவு முக்கியமில்லை என்பதுபோல் திட்டமிடுவோர் எடுத்துக்கொண்டார்கள். குணப்படுத்துவதும் தடுப்பதும் வேறு வேறு என்பது மறைந்தது. ஃபாபரின் 1918 மறந்தே போனது.

தடுப்பூசியின் மீதிருந்த நம்பிக்கைக்குத் தீர்ப்பும் தமிழ்நாட்டிலேயே எழுதப்பட்டது. செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியில் 1968இல் தொடங்கிய பெரும் ஆய்வில் சுமார் 2.8 லட்சம் பேருக்குத் தடுப்பூசியோ மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. சோதிக்கப்பட்ட இரு வகைகளில் ஒன்று பாரிஸ், மற்றது கோபன்ஹேகன். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்ற முதல் முடிவு 1979–80இல் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. பதினைந்து ஆண்டுத் தொடர்கணிப்பும் அதையே உறுதிசெய்தது. ஆனால் பச்சிளங்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்தும் உடலெங்கும் பரவும் வகையிலிருந்தும் தடுப்பூசி காக்கிறது. பிறந்தவுடன் போடுவது அதனால் இன்றும் தொடர்கிறது.

மறந்துபோன உணவுக் கேள்வி 2019இல் ஜார்க்கண்டில் மீண்டும் எழுப்பப்பட்டது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர், சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து, 2,800 நோயாளிகளின் குடும்பத்தாரான 10,345 பேரை ஆய்வுக்கு எடுத்தார்கள். ஒரு பிரிவுக் குடும்பங்களில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள். மற்றதில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு முதலியனவும் சத்து மாத்திரையும். 2023இல் வெளியான முடிவின்படி, எல்லாருக்கும் உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடும், சளிச் சோதனையில் உறுதியாகும் நுரையீரல் காசநோய் 48 விழுக்காடும் குறைந்தது. டென்மார்க்கில் முற்றுகை தற்செயலாகச் செய்ததை இந்த ஆய்வு திட்டமிட்டுச் செய்து நிறுவியது. நோயாளிக்கு ஊட்டத்துக்காக இந்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரில் அது 1,000 ஆயிற்று.

டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தும் அந்தச் செழிப்பு எட்டாத இடம் கிரீன்லாந்து. 1950களில் அங்கே காசநோய் உலகிலேயே மிகக் கடுமையாக இருந்த இடங்களில் ஒன்று. எக்ஸ்ரே கருவியோடு மிசிக்ஸூத் என்ற கப்பல் 1955 முதல் கடலோரக் குடியிருப்புகளுக்குச் சென்றது, நூக் நகரில் பெரிய சானடோரியம் எழுந்தது, பி.சி.ஜி.யும் மருந்தும் வந்தன. நோய் வேகமாக இறங்கியது. ஆனால் 1990களில் மீண்டும் ஏறியது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் பச்சிளங்குழந்தைகளுக்கான தடுப்பூசி சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டதும், நெருக்கமான வீடுகளும், வேலையின்மையும் சேர்ந்து பேசப்படுகின்றன. மருந்தாலும் ஊசியாலும் இறக்கிய நோயை, வீட்டாலும் வாழ்வாலும் இறக்கிய நோயைப் போல இறங்கிய இடத்திலேயே நிறுத்திவைக்க முடியவில்லை.

டென்மார்க்கிலோ காசநோய் இன்று ஆண்டுக்குச் சில நூறு பேரின் நோய். பொதுத் தடுப்பூசி 1980களிலேயே நிறுத்தப்பட்டது. மிஞ்சிய நோய் இரண்டு கூட்டத்தாரிடம் தங்கியிருக்கிறது: காசநோய் மிகுந்த நாடுகளிலிருந்து வந்தவர்கள், வீடற்று மதுவுக்கும் போதைக்கும் ஆட்பட்ட டேனியர்கள். பின்னவர்களுக்காகக் கோபன்ஹேகனில் எக்ஸ்ரே வண்டி அவர்கள் கூடும் இடத்துக்கே போகிறது. முன்னவர்களில் குடியிருப்பு அனுமதி பெற்றோர் மஞ்சள் நிறச் சுகாதார அட்டையோடு எந்த டேனியரையும் போல இலவச மருத்துவம் பெறுகிறார்கள். அந்த அட்டைக்கு அடிப்படை, 1968 முதல் ஒவ்வொருவருக்கும் வழங்கப்படும் குடிப்பதிவு எண். எண் இல்லாதவருக்கு அவசரச் சிகிச்சைக்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை.

உரிமை முழுமையாக இருக்கும் நாட்டில் உரிமைக்கு வெளியே நிற்பவரின் நிலை, உரிமையே இல்லாத நாட்டில் இருப்பவரின் நிலையைவிட ஒருவகையில் கடினமானது; எல்லா மருத்துவமும் அந்த எண்ணோடு பிணைந்திருப்பதால் கட்டணம் கொடுத்துப் பார்க்கும் சிறு மருத்துவர்கூட அருகில் கிடைப்பதில்லை. இவர்களுக்காக 2011இல் டேனிஷ் செஞ்சிலுவைச் சங்கம், மருத்துவர் சங்கம், அகதிகள் மன்றம் ஆகிய மூன்றும் சேர்ந்து கோபன்ஹேகனில் ஒரு மருத்துவகத்தைத் திறந்தன. மருத்துவர்களும் செவிலியர்களும் மருத்துவச்சிகளும் ஊதியமில்லாமல் முறைவைத்து வருகிறார்கள். பெயரும் எண்ணும் கேட்காமல் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் நாட்பட்ட இருமலோடு வருபவர்களையும் பார்க்கிறார்கள். இந்தச் சிகிச்சையைச் சட்டம் ஏற்கவேண்டும், தன்னார்வலரின் ஓய்வுநேரத்தை நம்பியிருக்கக்கூடாது என்பது அதை நடத்துவோரின் நெடுநாள் கோரிக்கை. 1904இன் வில்லையைச் சட்டம் ஓராண்டில் பின்தொடர்ந்தது. இந்த மருத்துவகத்துக்கு அது இன்னும் வரவில்லை.